வயிற்றில் குழந்தை, முகத்தில் பரு!

பரு என்பது வாலிப வயதோடு போய்விடும் என்று யார் சொல்லி வைத்தார்களோ! எனக்கு 14 வயதில் நெற்றியில் ஆரம்பித்தது. 32 வயதில், அதுவும் நான் முழுகாமல் இருந்த சமயத்தில், கன்னம், தாடை, கழுத்து என்று ஓர் இடம் விடாமல் குடியேறியது. முழுகாமல் இருக்கும் பெண்ணுக்கு வாந்தி வந்தால் ஊரே நாரத்தங்காயும் மாங்காயுமாக ஓடி வருகிறது. கால் வீங்கினால், 'காலைத் தூக்கி வைத்துப் படும்மா' என்று தலையணை கொடுக்கிறார்கள். முகம் முழுக்கப் பரு வந்தால் மட்டும் சிரிப்பு. "பிள்ளை வந்ததும் போயிடும், விடு" என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான்.

விட்டுவிடலாம்தான். ஆனால் அந்தப் பரு வலிக்குமே! உள்ளுக்குள்ளேயே கட்டி கட்டியாக நின்று, தலையணையில் கன்னம் பட்டால் தூக்கம் போய்விடும். நான் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். போர்டுப் பக்கம் திரும்பிக் கணக்குப் போட்டுவிட்டுப் பிள்ளைகள் பக்கம் திரும்பினால் நாற்பது ஜோடிக் கண்கள் என் கன்னத்தில்தான் இருக்கும். பாதிப் பிள்ளைகளுக்கும் பரு. "டீச்சருக்கே போகலையே, நமக்கு எப்படிப் போகும்?" என்று அதுகளுக்குக் கவலை.

ஆனால் நான் இதை எழுத உட்கார்ந்தது முக அழகுக்காக இல்லை. பருவுக்குப் போடும் மருந்துகளில் சில வயிற்றுப் பிள்ளையை ஒன்றுமே செய்யாது. சில அதன் காதையும் இதயத்தையும் மூளையையும் குலைத்துவிடும். இரண்டும் ஒரே மருந்துக் கடையில், ஒரே அலமாரியில், பக்கத்துப் பக்கத்துப் பெட்டியில் இருக்கின்றன. எது எது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

2019-ல் எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பரு மிகவும் முற்றி, குழி விழ ஆரம்பித்துவிட்டது. மதுரையில் ஒரு தோல் டாக்டரம்மாவிடம் என் அம்மாதான் கூட்டிப் போனாள். களிம்பு, மாத்திரை எல்லாம் பார்த்தாகிவிட்டது, இனி ஐசோட்ரெடினாயின் என்ற கேப்ஸ்யூல்தான் என்றார் டாக்டரம்மா. வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்தது. எண்ணெய் சுரக்கும் சுரப்பிகளையே சுருக்கிவிடும். அதற்கு முன்னால் ரத்தத்தில் கொழுப்பு, ஈரல் டெஸ்ட் எல்லாம் எழுதினார். சீட்டின் கடைசி வரியைப் பார்த்ததும் அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. கர்ப்ப டெஸ்ட்!

"கல்யாணம் ஆகாத பொண்ணுக்கு இதை எழுதறீங்களே, என்ன நினைச்சுக்கிட்டு எழுதறீங்க?" என்று அம்மா எழுந்தே விட்டாள்.

டாக்டரம்மா கோபப்படவில்லை. "உட்காருங்கம்மா. நான் உங்க பொண்ணைச் சந்தேகப்படலை. இந்த மருந்தைத்தான் சந்தேகப்படறேன். என் சொந்தத் தங்கச்சி வந்தாலும் இதே டெஸ்டைத்தான் எழுதுவேன்" என்றார். பிறகு ஒரு காகிதத்தைக் கொடுத்தார். மருந்து சாப்பிடும் காலத்திலும், நிறுத்தி ஒரு மாதம் ஆகும் வரையிலும் கர்ப்பம் தரிக்கக் கூடாது, எனக்கு இது விளக்கிச் சொல்லப்பட்டது என்று எழுதியிருந்தது. படித்துக் கையெழுத்துப் போட்டேன். அந்தக் காலத்தில் ரத்த தானமும் செய்யக் கூடாதாம். நம் ரத்தம் ஏதாவது ஒரு கர்ப்பிணிக்குப் போய்விட்டால்? அதை யோசித்து வைத்திருக்கிறார்கள் பாருங்கள்!

இத்தனை கெடுபிடி சும்மா வந்ததில்லை. 1957-ல் ஜெர்மனியில் தாலிடோமைடு என்று ஒரு மாத்திரை விற்பனைக்கு வந்தது. தூக்கத்துக்கு நல்லது, மசக்கைக்கு நல்லது என்று கர்ப்பிணிகள் சாப்பிட்டார்கள். கையும் காலும் குறுகிய குழந்தைகள் பிறந்தன. 1961-ல் அதைத் திரும்பப் பெறுவதற்குள் உலகம் முழுவதும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டுவிட்டன. வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு நஞ்சுக்கொடி பெரிய கோட்டைச் சுவர், எதுவும் தாண்டாது என்று அதுவரை பலர் நம்பிக்கொண்டிருந்தார்கள். அந்த நம்பிக்கை அதோடு போயிற்று.

ஐசோட்ரெடினாயின் அமெரிக்காவில் 1982-ல் அனுமதி பெற்றது. கர்ப்பிணிகள் சாப்பிடக் கூடாது என்று முதல் நாளிலிருந்தே எச்சரிக்கை உண்டு. அப்படியும் அடுத்த வருடமே பாதிக்கப்பட்ட குழந்தைகளைப் பற்றிய செய்திகள் வர ஆரம்பித்துவிட்டன. காது மடல் இல்லாமல், இதயத்தில் கோளாறோடு, மூளை வளர்ச்சியில் குறையோடு. கரு வளரும் சமயத்தில் இந்த மருந்து உள்ளே போயிருந்தால், பிறக்கும் குழந்தைகளில் ஐந்தில் ஒன்றிலிருந்து மூன்றில் ஒன்று வரை குறையோடு பிறக்கக்கூடும் என்கிறார்கள். கருச்சிதைவு தனிக் கணக்கு. 2006-லிருந்து அந்த நாட்டில் இதைச் சாப்பிடும் பெண்கள் பெயரைப் பதிவு செய்து, கர்ப்பம் இல்லை என்று டெஸ்டில் காட்டினால்தான் மருந்து கிடைக்கும் என்று ஒரு திட்டமே வைத்துவிட்டார்கள். நம் ஊரிலும் டாக்டர் சீட்டு இல்லாமல் இதை விற்கக் கூடாதுதான். ஆனால் தோழிக்கு எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டியே வாங்கிப் போகிற பெண்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நான் ஏழு மாதம் சாப்பிட்டேன். உதடு வெடித்துக் காய்ந்து, காரக் குழம்பைக் கண்டாலே பயம். ஆனால் முகம் தெளிந்துவிட்டது. 2020 ஜனவரியில் நிறுத்தினேன். 2021 பிப்ரவரியில் கல்யாணம். கல்யாண ஆல்பத்தில் என் முகத்தைப் பார்த்தால் எனக்கே ஆச்சரியமாக இருக்கும்!

கல்யாணத்துக்குப் பிறகு லேசாகத் திரும்பியது. இந்த முறை கேப்ஸ்யூல் இல்லை. இரவில் பூசிக்கொள்ள அடாபலீன் ஜெல், சாப்பிட டாக்சிசைக்ளின். சீட்டை நீட்டும்போதே டாக்டரம்மா சொன்னார்: "குழந்தைக்கு முயற்சி பண்ணலாம்னு நீங்க ரெண்டு பேரும் முடிவு பண்ற அன்னைக்கே என்கிட்ட வரணும். நாள் தள்ளிப் போன பிறகு இல்லை, அதுக்கு முன்னாடி."

ஏன் முன்னாடி? இதைப் பிற்பாடுதான் நன்றாகப் புரிந்துகொண்டேன். குழந்தையின் முதுகுத்தண்டும் மூளையும் உருவாகப்போகிற குழாய், கரு தரித்து 28 நாளுக்குள் மூடிவிடுகிறதாம். அப்போது நமக்கு நாள் தள்ளிப் போய் இரண்டு வாரம்தான் ஆகியிருக்கும். பல பெண்கள் 'வெயில் சூடு, அதனால் தள்ளிப் போயிருக்கிறது' என்று நினைத்துக்கொண்டிருக்கிற நேரம். அதனால்தான் போலிக் ஆசிட் மாத்திரையையும் கர்ப்பத்துக்கு முந்தியே தொடங்கச் சொல்கிறார்கள்.

நானும் என் கணவரும் முடிவு செய்தோம். போனோம். டாக்டரம்மா இரண்டு மருந்தையும் நிறுத்தினார். டாக்சிசைக்ளின், மினோசைக்ளின் எல்லாம் டெட்ராசைக்ளின் என்ற ஒரே குடும்பம். நாலு மாதத்துக்குப் பிறகு சாப்பிட்டால் பிள்ளையின் பல்லிலும் எலும்பிலும் போய்ப் படியும். பிற்பாடு பால் பல்லே மஞ்சளும் பழுப்புமாக முளைக்கும். அடாபலீன் தோல் வழியாக உள்ளே போவது மிகக் கொஞ்சம்தான். ஆனாலும் அது அந்தக் கேப்ஸ்யூலின் உறவுக்காரி. உறவு எதற்கு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ட்ரெடினாயின், டசரோடீன் களிம்புகளும் அப்படியே.

மாதவிலக்கு ஒழுங்கில்லாமல், தாடையில் ரோமமும் பருவுமாக அவதிப்படும் பெண்களுக்கு ஸ்பைரோனோலாக்டோன் என்று ஒரு மாத்திரை கொடுப்பதுண்டு. ஆண் ஹார்மோனைத் தடுப்பது அதன் வேலை. வயிற்றில் இருப்பது ஆண் பிள்ளையாக இருந்தால்? அதனால் அதுவும் ஆகாது. பரு அடங்குவதற்காகக் கொடுக்கும் ஹார்மோன் மாத்திரைகள் பலவும் கருத்தடை மாத்திரைகளேதான். அதைச் சாப்பிட்டுக்கொண்டே 'ஏன் இன்னும் உண்டாகவில்லை' என்று கோயில் கோயிலாகச் சுற்றிய ஒரு பெண்ணை எனக்குத் தெரியும்! யாரும் அவளுக்கு விளக்கிச் சொல்லவில்லை.

2021 நவம்பரில் நாள் தள்ளிப் போயிற்று. வீட்டில் சந்தோஷம். ஒன்பதாம் வாரம், 2022 ஜனவரியில், ஸ்கேனில் துடிப்பு இல்லை என்றார்கள்.

அதைப் பற்றி அதிகம் எழுத எனக்கு இஷ்டமில்லை. மூன்றாம் நாள் வீட்டில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். நான் உள் அறையில் படுத்திருந்தேன். கூடத்தில் உறவுக்காரர்கள். என் பெரிய நாத்தனார் குரல்: "கல்யாணத்துக்கு முந்தி முகத்துக்கு ஏதோ மாத்திரை சாப்பிட்டுச்சாம்ல. அதுக்குக் கையெழுத்தெல்லாம் வாங்கினாங்களாம். அது வயித்துல தங்கியிருக்கும். அதான் கலைச்சிருக்கும்." யாரும் மறுத்துப் பேசவில்லை. அத்தையும் பேசவில்லை. என் அம்மா விவரம் தெரியட்டும் என்று என்றைக்கோ சொல்லிவைத்தது, இன்று எனக்கு எதிராகச் சாட்சி சொல்ல வந்துவிட்டது. ராத்திரி முழுக்க நான் விரல் விட்டு எண்ணினேன். 2020 ஜனவரி, 2021 நவம்பர். இருபத்திரண்டு மாதம். கணக்கு டீச்சருக்குக் கணக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் அந்த நேரத்தில் மனசு கணக்குப் பார்ப்பதில்லையே.

என் கணவர் அதிகம் பேசாதவர். மறு வாரம் பிரசவ டாக்டரிடம் போகும்போது, "அம்மா, நீங்களும் வாங்க" என்று அத்தையையும் காரில் ஏற்றிவிட்டார். டாக்டரிடம் எல்லோர் முன்னாலும் அவரே கேட்டார்: "அந்தப் பரு மாத்திரையாலதான் இப்படி ஆச்சா டாக்டர்?"

டாக்டர் வயதானவர். நிதானமாக அத்தையைப் பார்த்துத்தான் பதில் சொன்னார். "பெரியம்மா, அந்த மருந்து நிறுத்தின ஒரு மாசத்துக்குள்ள உடம்பை விட்டுப் போயிடும். அதுக்கு அப்புறம் உண்டாகிற பிள்ளைக்கு அதனால கெடுதல் கிடையாது. உங்க மருமகளுக்கு ரெண்டு வருஷம் ஆகப் போகுது. நூறு பேர் உண்டானா, அதுல பத்துலேருந்து இருபது பேருக்கு இப்படிக் கலைஞ்சு போகுது. ஆரம்பத்துல கலையறதுல பாதிக்குப் பாதி, கருவோட குரோமோசோம் சரியா அமையாததால. மாடி ஏறினதால இல்லை, பப்பாளி சாப்பிட்டதால இல்லை, பரு மாத்திரையாலயும் இல்லை. இந்தப் பொண்ணு எல்லாத்தையும் முன்கூட்டியே கேட்டுக் கேட்டு நிறுத்தியிருக்கு. இதைவிட என்ன செய்ய முடியும்?"

அத்தை ஒன்றும் சொல்லவில்லை. வரும் வழியில் காரை நிறுத்தச் சொல்லி மல்லிகைப்பூ வாங்கி, என் மடியில் வைத்தார். அவ்வளவுதான். மன்னிப்பு என்ற வார்த்தை எங்கள் வீட்டில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. பூ வாங்கித் தருவார்கள்.

2023 ஜூனில் மறுபடியும் உண்டானேன். இந்த முறைதான் பரு ஆடித் தீர்த்துவிட்டது. கர்ப்பத்தின் முதல் பாதியில் ஹார்மோன்கள் ஏறும்போது எண்ணெய்ச் சுரப்பிகள் கூடுதலாக வேலை செய்கின்றன. ஏற்கெனவே பரு உள்ளவர்களுக்குக் கேட்கவே வேண்டாம். சில பேருக்கு இதே கர்ப்பத்தில் முகம் பளிங்காகவும் ஆகிறது. அது அவரவர் கொடுப்பினை. 'முகத்தில் பரு வந்தால் பெண் குழந்தை, தாயின் அழகைத் திருடிக்கொள்கிறது' என்று எதிர்வீட்டு ஆச்சி சொன்னார். எனக்குப் பிறந்தது பெண்தான். ஆனால் அதற்கும் பருவுக்கும் சம்பந்தமில்லை. மகன் பெற்ற என் சிநேகிதிக்கு என்னைவிட மோசமாக வந்தது!

ஒரு தடவை பறிகொடுத்தவளுக்குத் தண்ணீர் குடிக்கக்கூடப் பயம். முகத்துக்குச் சோப்புப் போடவே பயந்தேன். அந்தச் சமயத்தில்தான் அதே பெரிய நாத்தனார், நல்ல மனசோடுதான், ஒரு சின்ன டியூப் கொண்டுவந்து கொடுத்தார். "மெடிக்கல்ல கேட்டு வாங்கினேன். பார்லர்லயும் இதைத்தான் போடறாங்களாம். ஒரே வாரத்துல முகம் வெள்ளையாயிடும், பருவும் போயிடும்."

டியூபைத் திருப்பி, பொடி எழுத்தைப் படித்தேன். மூன்று மருந்து கலந்தது. ஹைட்ரோக்வினோன், ட்ரெடினாயின், கூட ஒரு ஸ்டீராய்டு. நம் ஊரில் இது இல்லாத வீடு குறைவு, சகோதரிகளே! மங்குக்கு டாக்டர் எழுதினால் சில வாரம் போட வேண்டியதை, பவுடர் போடுவதுபோல வருடக்கணக்கில் போடுகிறார்கள். ஹைட்ரோக்வினோன் பூசினதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தோல் வழியாக ரத்தத்துக்குப் போகிறது. மற்றக் களிம்புகளோடு பார்த்தால் இது மிக அதிகம். ட்ரெடினாயின் கதை மேலே சொன்னேன். ஸ்டீராய்டு முதலில் முகத்தைப் பளபளவென்று காட்டி, பிறகு தோலை மெலிய வைத்து, தானே புதுப் பருவையும் கிளப்பிவிடும். 2018-ல் இத்தகைய ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்துப் பட்டியலில் அரசாங்கம் சேர்த்தது. ஆனாலும் மெடிக்கலில் 'கேட்டு' வாங்குவது நின்றபாடில்லை. பெயர் தெரியாத சிவப்பழகு கிரீம்களில் பாதரசம் இருப்பதும் பல தடவை பிடிபட்டிருக்கிறது. பாதரசம் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளையின் மூளைக்குப் போகும்.

அண்ணியிடம் டியூபைக் காட்டி ஒவ்வொன்றாகச் சொன்னேன். "அடியாத்தி! என் மக போன வருஷம் பூரா இதைத்தானே போட்டா" என்றார். அந்தப் பெண்ணுக்கு அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுநாளே டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனார். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஒரு திருப்தி.

நானும் கூடவே போனேன். "பயந்துக்கிட்டு ஒண்ணுமே போடாம இருக்கணும்னு அவசியம் இல்லைம்மா" என்றார் டாக்டரம்மா. பிரசவ டாக்டரோடு போனில் பேசிவிட்டு எழுதித் தந்தது இதுதான். காலையில் பென்சாயில் பெராக்சைடு, 2.5 சதவிகிதம், பரு உள்ள இடத்தில் மெல்லிசாக. பத்து சதவிகிதம் போட்டால் எரிச்சல்தான் கூடும், பலன் கூடாது. தோல் வழியாக உள்ளே போவது ஐந்து சதவிகிதம் அளவுதான். போனதும் பென்சாயிக் அமிலமாக மாறிச் சிறுநீரில் போய்விடும். இரவில் அஸெலாயிக் ஆசிட் களிம்பு. கோதுமையிலும் பார்லியிலும் இயற்கையாக உள்ள பொருள். பருவுக்கும் கேட்கும், பரு போன இடத்துக் கறுப்புக்கும் கேட்கும். கர்ப்ப காலத்துக்கு இதைப் போலத் தோதான மருந்து குறைவு. முதல் இரண்டு வாரம் சுருக் சுருக்கென்று குத்தியது. பிறகு பழகிவிட்டது.

கட்டி பெரிசாகும் பெண்களுக்கு க்ளிண்டாமைசின் ஜெல் தருவார்கள். அதைத் தனியாகப் போடாமல் பென்சாயில் பெராக்சைடோடு சேர்த்துப் போட்டால்தான் கிருமி அந்த மருந்துக்குப் பழகிப்போகாது. அதற்கும் மேலே தேவைப்பட்டால் அஸித்ரோமைசின், எரித்ரோமைசின் போன்ற சில மாத்திரைகள் உண்டு. ஆனால் எரித்ரோமைசினிலேயே 'எஸ்டோலேட்' என்ற ஒரு வகை கர்ப்பிணியின் ஈரலைக் கெடுக்கும். ஆகவே அதெல்லாம் டாக்டர் பார்த்து எழுத வேண்டிய சமாசாரம். சாலிசிலிக் ஆசிட் ஆஸ்பிரினுக்கு உறவு. இரண்டு சதவிகித ஃபேஸ்வாஷ் போட்டுக் கழுவிவிட்டால் பாதகமில்லை. ஆனால் பார்லரில் உடம்பெல்லாம் அமிலம் பூசித் தோல் உரிப்பது பிரசவம் ஆகும் வரை வேண்டாம்.

ஒன்று சொல்ல மறந்தேனே. இந்தப் பென்சாயில் பெராக்சைடு துணிச் சாயத்தை உறிஞ்சிவிடும்! என் நீலத் தலையணை உறை, ஆரஞ்சுத் துண்டு, என் கணவரின் ஆபீஸ் சட்டைத் தோள்பட்டை ஒன்று, எல்லாம் திட்டுத் திட்டாக வெளுத்தன. வெள்ளைத் துண்டு, வெள்ளை உறை வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டு வைத்தியத்தில் எனக்கு வெறுப்பு கிடையாது. அத்தை அரைத்துத் தந்த பாசிப்பயற்று மாவில் கொஞ்சம் கஸ்தூரி மஞ்சள் கலந்து முகம் கழுவினேன். சுகமாகத்தான் இருந்தது. ஆனால் நறநறவென்று தேய்க்கக் கூடாது. ஒரு நாளைக்கு இரண்டு தடவை போதும். ஆறு தடவை கழுவினால் தோல் காய்ந்து, காய்ந்ததற்கு ஈடாக எரிச்சலும் பருவும்தான். பருவில் எலுமிச்சம்பழம் தேய்ப்பதும், பற்பசை வைப்பதும் ஆகவே ஆகாது. எலுமிச்சைச் சாற்றோடு வெயிலில் போனால் தோல் வெந்து கறுத்துவிடும். கர்ப்பத்தில் ஏற்கெனவே மங்கு படர்கிற முகம் வேறு. ஜிங்க் ஆக்சைடு கலந்த வெயில் கிரீமோ, முந்தானை முக்காடோ, குடையோ, ஏதோ ஒன்று வேண்டும். தலைக்கு எண்ணெய் தடவி அது நெற்றியில் வழிந்தாலும் பரு வரும். எண்ணெய்க் குளியலை நான் விடவில்லை. நெற்றியை மட்டும் நன்றாகத் துடைத்துக்கொண்டேன்.

ரத்த சுத்திக்கு என்று வேப்ப எண்ணெய் கொடுக்க ஓர் உறவுக்காரப் பாட்டி வந்தார். கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டேன். வேம்பின் சத்து கருவைக் கலைக்கும் என்பதை விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தே கண்டிருக்கிறார்கள். பாஷாணம், பாதரசம் சேர்ந்த பஸ்பங்களும் அப்படியே தள்ளிவைக்க வேண்டியவை. 'நாட்டு மருந்து, ஒன்றும் செய்யாது' என்று சொல்லிச் சொல்லித்தான் பல வீடுகளில் வினை வருகிறது.

இன்னொன்று, எங்கள் மதுரைப் பக்கத்து வழக்கம். முழுகாமல் இருப்பவளுக்கு ரத்தம் ஊற வேண்டும் என்று வாரா வாரம் ஆட்டு ஈரல் வறுவல்! ஈரல் முழுக்க வைட்டமின் ஏ. நூறு கிராமில் இருப்பது கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்கு எல்லை என்று சொல்லும் 10,000 யூனிட்டைத் தாண்டிவிடும். அந்தக் கேப்ஸ்யூலும் வைட்டமின் ஏ வகைதான் என்று சொன்னேனே, ஞாபகம் இருக்கிறதா? அத்தைக்கு இதைச் சொன்னபோது முதலில் முகம் வாடினார். டாக்டரிடமே கேட்டுக்கொண்ட பிறகு ஈரலை விட்டு, முருங்கைக்கீரைக்கு மாறினார். கீரையிலும் காரட்டிலும் உள்ளதை உடம்பு தனக்கு வேண்டிய அளவுதான் வைட்டமினாக மாற்றிக்கொள்ளும். அதனால் தொல்லை இல்லை. பருவுக்கு என்று கடையில் விற்கும் வைட்டமின் ஏ மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள்.

கர்ப்பத்தில் தோலில் வருவதெல்லாம் பருவும் இல்லை. ஏழாம் மாதத்துக்கு மேல் உள்ளங்கை, உள்ளங்காலில், தடிப்பே இல்லாமல், ராத்திரியில் தாங்க முடியாத அரிப்பு வந்தால் களிம்பு தேடாதீர்கள். ஈரலில் பித்தநீர் தேங்குவதன் அறிகுறியாக இருக்கலாம், பிள்ளைக்கு ஆபத்து. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஐயோ, தெரியாமல் ஏதோ பூசிவிட்டேனே என்று பதறும் பெண்களுக்கும் ஒரு வார்த்தை. மேலே பூசும் களிம்புக்கும் உள்ளே விழுங்கும் கேப்ஸ்யூலுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். கர்ப்பம் என்று தெரியாமல் அடாபலீனோ ட்ரெடினாயினோ கொஞ்ச நாள் பூசியிருந்தால், நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள், போதும். அதற்காகக் கருவைக் கலைக்க ஓடியவர்களும் உண்டு. வேண்டாத காரியம். கேப்ஸ்யூல் சாப்பிட்டிருந்தால் அது வேறு விஷயம். உடனே நிறுத்தி, அன்றே டாக்டரைப் பார்த்து, ஒளிக்காமல் தேதியோடு சொல்ல வேண்டும். கணவர் அந்தக் கேப்ஸ்யூல் சாப்பிடுகிறாரே என்று கேட்ட ஒரு தோழிக்கும் டாக்டரம்மாதான் பதில் சொன்னார். ஆண்கள் சாப்பிடுவதால் பிள்ளைக்குக் கெடுதல் வருவதாகத் தெரியவில்லை. அவர் மாத்திரைப் பட்டையிலிருந்து ஒன்றை எடுத்து மனைவி போட்டுக்கொள்ளாமல் இருந்தால் சரி!

ஆறாம் மாதத்திலிருந்து பரு அடங்க ஆரம்பித்தது. போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். வலி நின்றது, தூக்கம் வந்தது. வளைகாப்பன்று கன்னத்துக்குச் சந்தனம் பூச வந்தவர்கள் பருவைப் பார்த்துத் தயங்கினார்கள். "தாராளமா பூசுங்க, ஒட்டிக்காது" என்று அத்தையே சொல்லிச் சிரித்தார்.

2024 மார்ச்சில் மகள் பிறந்தாள். காது இரண்டையும்தான் நான் முதலில் தொட்டுப் பார்த்தேன். எதற்கு என்று நர்ஸுக்குப் புரிந்திருக்காது.

மூன்றாம் வாரம் ஒரு வேடிக்கை. பிள்ளையின் கன்னத்தில் பொடிப் பொடியாகப் பரு! "அம்மா முகத்துலேருந்து ஒட்டிக்கிச்சு" என்று ஆச்சிகள் தீர்ப்பே சொல்லிவிட்டார்கள். குழந்தை டாக்டர் பார்த்துவிட்டு, "நிறையக் குழந்தைகளுக்கு வரும், ஒட்டவும் இல்லை ஒண்ணுமில்லை. வெறும் தண்ணியால துடைங்க. எண்ணெய், பவுடர், தாய்ப்பால் எதையும் தடவ வேண்டாம்" என்றார். மூன்றாம் மாதத்துக்குள் தானே மறைந்துவிட்டது.

எனக்குப் பால் கொடுக்கும் காலத்திலும் அதே இரண்டு களிம்புகளைத் தொடரச் சொன்னார்கள். மார்பில் படாமல், பிள்ளை கன்னத்தோடு கன்னம் வைக்கும் நேரத்துக்கு முன் கழுவிவிட்டு. அது மட்டும் கொஞ்சம் சிரமம்தான். அவளுக்கு என் கன்னத்தை நக்குவதில் அப்படி ஓர் ஆசை!